ஓடுபாதை எண்

இரத்மலானையில் ஏறி ஆறாம் நிமிடம்
எஞ்சின் வாயை மூடிக்கொண்டது.
மிஃப்லால் கீழே பார்த்தான்:
கூரை, கூரை, காலி வீதி,
மைதானம் நிறையப் பள்ளிப் பிள்ளைகள்.
மிச்சம் அத்திடிய சதுப்பு.

மூக்கு சேற்றில் புதைந்து
இன்னும் கிடக்கிறது செஸ்னா.
இறக்கையில் ஒரு கொக்கு.
நான் காப்புறுதிக்காரன்,
அளவுநாடாவோடு வந்தவன்.

இடுப்பளவு நீரில் நின்று
சுமனாவதி எண்ணிச் சொல்கிறாள்:
"நாற்பத்திரண்டு கட்டுக் கங்குன், மாத்தயா.
பொடியனுக்கு பிளேன்டீயும் கொடுத்தேன்,
அதை எழுத வேண்டாம்."

படிவத்தில் ஒரு கட்டம்:
இறங்கிய ஓடுபாதை எண்.
கோடு போட்டுவிட்டு நிமிர்கிறேன்.
நசுங்கிய தண்டுகளுக்கு நடுவே
சக்கரத் தடம் இரண்டு,
அடிமட்டம் வைத்ததுபோல் நேராக.

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.
உடைந்த வாலை விட்டுவிட்டு
முதலில் அதைப் படமெடுக்கிறேன்.