மூன்றாம் வரைவு

குவாத்தமாலா நகரம். அமைச்சகத்தின் ஆறாவது மாடி.
பள்ளிப் பானத்தில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று
ஒன்பது பேர் பேசுகிறார்கள்.
குறிப்பெடுப்பது என் வேலை.

முதல் வரைவில் ‘குறைக்க வேண்டும்.’
அடுத்ததில் ‘குறைப்பது நல்லது.’
இன்று காலை,
‘குறைக்கலாமா என ஆராயலாம்.’
ஒரு வினைமுற்று
இவ்வளவு சீக்கிரம் கரையுமா?

டாக்டர் பெலிசார்யோ உருத்தியா நல்லவர்.
சர்க்கரை நோயில் அழுகிய என் தம்பியின் காலை
வெட்டாமல் காப்பாற்றியவர்.
அவருடைய ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி,
இரண்டு மாணவர்களின் உதவித்தொகை,
போன வருஷத்து லிஸ்பன் பயணம்,
எல்லாம் ஆலை கொடுத்தது.
‘நலன் முரண்’ என்ற கட்டத்தில்
‘இல்லை’ என்று எழுதினார், கை நடுங்காமல்.
பொய்யில்லை. அவருக்கு
அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

வேலி பயிரை மேயவில்லை.
வேலிக்குக் கூலி
மாடு கொடுக்கிறது.

நெபாவில் என் அக்கா மகள் எத்தெல்வினாவுக்கு
ஒன்பது வயது. முன்பற்கள் கறுத்துவிட்டன.
குழாயில் தண்ணீர் வராத நாளிலும்
பாட்டில் லாரி வந்துவிடும்.
இதை யாரும் பேசவில்லை,
அதனால் குறிப்பில் இல்லை.

பேசியதை எல்லாம் எழுதினேன்.
யாரோ சிரித்துக்கொண்டே சொன்ன
குளிர்பெட்டியையும்.
தலைவர் படித்தார். என் பேனாவையே வாங்கி
அந்த ஒரு சொல்லை அடித்தார்.
எழுத்துப்பிழையாம்.