ஜீப்ரா உள்ள கட்டங்கள்

கட்டடத் தொழிலாளர் வாரியத்தில் பெயர் பதியணும்.
பெயர், அப்பா பெயர், ரத்த வகை
எல்லாம் வாங்கிக்கொண்டு
கடைசியில் கேட்கிறது,
நீ மனிதன்தானா.

ஒன்பது கட்டம். ஒன்பது துண்டாக நறுக்கிய ஒரு தெரு.
பிரவுசிங் சென்டர் மஞ்சுநாத் வாசித்துச் சொன்னான்:
ஜீப்ரா கோடு எங்கெல்லாம் இருக்கோ
அங்கெல்லாம் அமுக்கணும்.

சிரித்துவிட்டேன்.
பதினான்கு வருஷமாக நான் போடுவதே அதுதான்.
ரிச்மண்ட் சர்க்கிள், மேயோ ஹால் முன்னால்,
ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூட வாசல்.
பஸ் அடங்கின பிறகு கயிறு பிடித்து
சாக்பீஸால் குறி வைத்து
கொதிக்கும் வெள்ளைக் குழம்பை இழுத்துவிட்டு
சூடு ஆறுமுன் கண்ணாடி மணி தூவணும்.
அரை மீட்டர் வெள்ளை, அரை மீட்டர் தார்.
கட்டைவிரல் ரேகை அதில்தான் போனது.

நான்கை அமுக்கினேன், ஐந்தை அமுக்கினேன்.
ஆறின் ஓரத்தில் நகக்கண் அளவு வெள்ளை.
அது கோடா, கோட்டின் வழிசலா?
மேஸ்திரி பரமானந்தம் பார்த்தால்
"சுரண்டி எடுய்யா" என்பார்.
வழிசலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மீண்டும் முயலவும்.

சேர்த்தேன்.

மீண்டும் முயலவும்.

இப்போது வேறு தெரு, எந்த ஊரோ.
கடக்க ஆளில்லை, வண்டியில்லை,
டயர் தேய்த்த தடமில்லை, பாக்குக் கறையில்லை.
போட்ட அன்றைக்கே படம் எடுத்த மாதிரி
கோடு மட்டும்.
எவன் போட்டானோ, நல்ல கை.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
நேரம் முடிந்தது என்றது.

"இன்னொந்து சல மாடி, அண்ணா."
ஒரு மணிக்கு முப்பது ரூபாய். இது இரண்டாவது முப்பது.
பின்னால் ஆதார் நகலை விசிறியாக்கி
யாரோ இருமுகிறார்.

அடுத்து, தீயணைப்புக் குழாயாம்.
எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
மஞ்சுநாத்தும் நேரில் பார்த்ததில்லை. பழக்கம்தான்.
"சிவப்பா, குட்டையா, தொப்பி போட்ட மாதிரி."
தொப்பி போட்ட எல்லாவற்றையும் அமுக்கினேன்,
ஒரு போலீஸ்காரர் உட்பட.

சர்வர் டவுன். நாளைக்கு வரச் சொன்னான்.

வெளியே, போன மார்ச்சில் நான் போட்ட கோட்டின் மேலேயே
பதினோரு நிமிஷம் நின்றேன்.
ஜீப்ரா எது என்று
ஒரு வண்டிக்காரனுக்கும் தெரியவில்லை.
அவர்களை யாரும்
மீண்டும் முயலச் சொல்லவில்லை.

இடது ஓரம் மூன்றாவது பட்டை உரிந்து கிடக்கிறது.
பரமானந்தத்திடம் சொல்லணும்.