மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பதில்

மேடைக்கு நாற்பது தட்டு மட்டி வேண்டுமென்றார் கோடெலீவ.
நிஜ மட்டி இரண்டாம் நாளே நாறும்.
ஓடுகள் போதுமென்று
ஆற்றங்கரை உணவகத்தின் பின்வாசலில் போய் நின்றேன்.
இரண்டு வாளி கொடுத்தவள் பெயர் வீர்லெ.
விலை கேட்டேன்.
"திங்கட்கிழமைக்கு இரண்டு டிக்கெட்"
என்றாள், கதவைக் காலால் சாத்திக்கொண்டே.

ஆன்ட்வெர்ப்பில்
திங்கள்தான் சமையற்காரர்களின் ஞாயிறு.

முப்பத்தோரு காட்சி.
இரவெல்லாம் பிளீச்சில் ஊறி
மறுநாளும் சுடச்சுட வந்திறங்கும் அதே ஓடுகள்.
நீராவி, ஒரு இயந்திரத்தின் மூச்சு.
வெண்ணெய், மஞ்சள் மெழுகு.
ஆர்டர் சீட்டு கக்கும் கருவி மட்டும் அசல்,
திவாலான பீட்சாக் கடையிலிருந்து
ஏலத்தில் எடுத்தது.

வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
பக்கத்து இருக்கை
பாத்திரம் கழுவும் ட்செரிங்குக்கு வாங்கியது.
தூங்கிவிட்டானாம்.
திரையோரம் நின்று பார்த்தேன்:
எல்லாரும் நடிகர்களைப் பார்க்க
அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் காட்சியில்
கருவி கிரீச்சிட்டுச் சீட்டைத் துப்பியது.
தலைமைச் சமையற்காரனாக ஸ்டைன் அலறினான்:
"பதினோராம் மேசை, ஆறு மட்டி!"

"சரி, ஷெஃப்!"

மூன்றாம் வரிசையிலிருந்து.

நாடகத்தில் சேர்த்தி என்றெண்ணி
அரங்கம் சிரித்தது.
ஸ்டைனுக்கு அடுத்த வசனம் வரவில்லை.
எட்டு நொடி.
எட்டு நொடியில் பூண்டு கருகிவிடும்.
இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள் வீர்லெ.
கோட்டுக் கை விலகி மணிக்கட்டில் தெரிந்தன
அவன்கம்பி போட்ட கோடுகள்,
சின்ன ஏணி போல.

அப்புறம் எண்ணெய் தெறிக்கும் இடம்.
உதவியாள் பையன் கத்துவான்.
தினமும் அந்தக் கத்தலுக்குத்தான் கைதட்டல்.

முடிந்ததும் பின்பக்கம் வந்தாள்.
ஓடு கழுவிக்கொண்டிருந்தேன்.
கேட்காமலே இன்னொரு பிரஷ்ஷை எடுத்தாள்.
என்னைவிட மூன்று மடங்கு வேகம்.
"அந்தப் பையன் ஏன் கத்துகிறான்?"
"சுட்டுவிட்டதே."
"சுட்டால் கத்தமாட்டோம்.
யாராவது பார்த்தார்களா என்று பார்ப்போம்.
அப்புறம் அடுத்த தட்டு."

சொல்லிவிட்டேன் பையனிடம்.
செவ்வாய் இரவு அவன் கத்தவில்லை.
இடம் பார்த்தான், வலம் பார்த்தான்,
கையை ஏப்ரனில் ஒருமுறை அழுத்தி
ஏழாவது தட்டை எடுத்தான்.
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.
அரங்கில் யாரோ இருமினார்கள்.
யாரோ மிட்டாய்க் காகிதம் பிரித்தார்கள்.

புதன்கிழமை
கோடெலீவ கத்தலைத் திரும்ப வைத்துவிட்டார்.

அவளுக்கு எழுதினேன்:
நேற்று சரியாகச் செய்தான்.
யாருமே கவனிக்கவில்லை.

பதில் நள்ளிரவு ஒன்று நாற்பதுக்கு வந்தது.
அப்படியானால் சரிதான்.
இப்போதுதான் அடுப்பைத் துடைத்து முடித்தேன்.
இன்னும் இரண்டு வாளி ஓடு கிடக்கிறது,
வேண்டுமா?