ஐம்பத்தஞ்சு இருநூத்தம்பது

கேமராவோடு கூடவே வந்த லென்ஸுக்கு
நஞ்சராயன் குளம் முழுசாகத் தெரியும்.
வாத்துதான் தெரியாது.
சாம்பல் துணியில் எண்ணெய் சொட்டின மாதிரி
ஏழெட்டுப் புள்ளி.
டேபிளில் வந்திருந்தால்
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி
அக்கட்டால தள்ளியிருப்பேன்.

பதினொரு வருசமாய்ச் செக்கிங்.
நாளைக்கு எண்ணூறு பனியன்
ட்யூப் லைட்டுக்குக் கீழே வந்து போகும்.
ஓட்டை, கறை, நூல் விட்டது,
கழுத்துப்பட்டி கோணினது,
எல்லாம் ஒரு முழ தூரத்தில்.
தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லி
யாரும் கூலி கொடுத்ததில்லை.

போனஸ் வந்த வாரம்
அயர்னிங் சுதர்சனம் சொன்னான்:
"ஐம்பது எம்எம் வாங்குங்கக்கா.
ஆளு பளிச்சுனு நிப்பாங்க,
பொறத்தால இருக்கறதெல்லாம் மங்கிப் போயிரும்."
ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு
அவனுடையதையே கடன் கொடுத்தான்.

பத்துக்குப் பத்து லைன் வீடு.
மகளைத் தலையிலிருந்து கால்வரை அடக்க
அடியடியாய்ப் பின்னால் நகர்ந்து
வாசலைத் தாண்டி
எதிர்வீட்டு ஈரப் போர்வையில் போய் முட்டினேன்.
"ஏனக்கா, வீட்டை அளக்கறீங்களா?"
என்றாள் சுமலதா.
படம் நன்றாகத்தான் வந்தது.
மங்கிப்போன பொறத்தாலே
சிலிண்டர், ரேசன் சாக்கு,
ஆணியில் தொங்கும் அவருடைய சட்டை.
எனக்கென்னவோ அதெல்லாமும் வேண்டியிருந்தது.

புது நீள லென்ஸ் விலையை
ராத்திரி அவரிடம் சொன்னேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலே கணக்குப் போட அவருக்கு வரும்.

அவிநாசியில் மாடி ஸ்டுடியோ.
கல்யாணம் எடுக்கிற கிருபாகரன்
புதுக் கேமராவுக்கு மாறி, பழசை விற்கிறார்.
"ஐம்பத்தஞ்சு இருநூத்தம்பதுங்க.
கண்ணு மாதிரி வெச்சிருந்தேன். ஏழாயிரம்."
செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
உள்கண்ணாடி ஓரத்தில்
வேர்விட்ட மாதிரி பூஞ்சை, கால் இஞ்சு.
"டேமேஜுங்க."
"படத்துல வராதுங்க, அம்மணி."
"எங்க பையர்கிட்ட இப்படிச் சொல்ல முடியுங்களா?"
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
நாலாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது,
துடைக்கிற துணி ஒன்றும் சேர்த்து.
துணி எங்கள் கம்பெனி வேஸ்ட்.
ஓரத் தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பதினொரு வருசத்தில்
கண்ணால் கண்டபிறகும் நான் பாஸ் பண்ணின
முதல் பீஸ் அந்த லென்ஸ்.

அப்புறம் ஷிப்மெண்ட்.
மூணு வாரம் ஒன்றரை ஷிப்ட்.
லென்ஸ் பீரோவில் சீலைக்கு நடுவே கிடந்தது.

மார்கழி ஞாயிறு, வெளிச்சம் சரியாக வரவில்லை.
கூடவந்த லென்ஸில்
என் கை நடுங்குவதே எனக்குத் தெரியாது.
இதிலோ மூச்சுவிட்டால் குளமே ஆடுகிறது.
முதல் நாற்பது படமும் ரிஜெக்ட்.
ஸ்கூட்டி சீட்டின்மேல்
பனியன் வேஸ்ட் அடைத்த பையை வைத்து
அதில் லென்ஸைக் கிடத்தினேன்.
குளம் நின்றது.

வாத்து என்னைப் பார்க்கவில்லை.
முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது,
போனால் போ என்கிற மாதிரி.
அப்போதுதான் தெரிந்தது பின்மண்டை:
வெள்ளைத் தலையில் கறுப்பாய் ரெண்டு கோடு.
வரித்தலை வாத்து என்று
மூணு வருசமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்,
வரியைப் பார்க்காமலே.

மேல்கோடு கண்ணுக்குக் கண் போகிறது.
கீழ்க்கோடு கட்டை, பாதியில் நிற்கிறது.
அளவு சேரவில்லை.
விரல் தன்பாட்டுக்கு
ஸ்டிக்கர் அட்டையைத் தேடிப்
பாக்கெட்வரை போனது.

போன விரலைத் திருப்பிக் கொண்டுவந்து
பட்டனை அழுத்தினேன்.

வீட்டில் பெரிசாக்கிப் பார்த்தோம்.
பூஞ்சை எங்கும் வரவில்லை.
கிருபாகரன் சொன்னது சரிதான்.
அவரிடம் அதைச் சொல்லப் போவதில்லை.