சறுக்குவண்டியின் அகலம்

மகனைக் கேட்காமல் எடுத்துவந்த
சிவப்புப் பனிச்சறுக்குவண்டியைக்
கடைக்குள் இழுத்து நிறுத்தினேன்.
ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் கோடு போட்டது.
தூரெ கோட்டைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான்.
"எத்தனை அங்குலம்?"
"உள்ளகலம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்."
அவன் கேட்டது ஸ்பீக்கரை.

தம்பெரெயில் பிப்ரவரி. என்னிடம் கார் இல்லை.
டிராம் ஓட்டுகிறேன், அதனால்
டிராமில் எது ஏறும், எது ஏறாது, தெரியும்.
ஒத்திகை அறையோ பழைய நூற்பாலையின் அடித்தளம்.
பதினாறு படி, நடுவில் ஒரு திருப்பம்.
அந்தத் திருப்பத்தில் போன வருடம் ஒரு சோபா சிக்கி
அறுத்துத்தான் எடுத்தார்கள்.

முதலில், நான்கு ஸ்பீக்கர் வைத்த அலமாரி.
ஆசைக்கு ஏது அளவு.
ஒரே ஒரு ஈ மைனர்:
கால்சட்டைத் துணி நடுங்கியது,
சுவரில் தொங்கிய பான்ஜோக்கள் முனகின.
நூற்றைம்பது யூரோ.
இருப்பதிலேயே பெரியது, இருந்தும் மலிவு.
"தூக்க ஆளில்லை," என்றான் தூரெ, "அதனால்தான்."
இருவருமாய் வண்டியில் ஏற்றினோம்.
கயிற்றை இழுத்தேன்.
வண்டி வந்தது.
அலமாரி வரவில்லை.

அடுத்து இரண்டு ஸ்பீக்கர், மூடிய முதுகு.
கீழ்ச்சுரங்கள் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி
மடிப்புக் கலையாமல் வந்தன.
முந்நூற்றுத் தொண்ணூறு.
மடிப்புக் கலையாமலே திரும்ப வைத்தோம்.

மூன்றாவது மூலையில் கிடந்தது.
யாரோ வீட்டில் அடித்த பைன் மரப் பெட்டி,
ஒற்றை ஸ்பீக்கர், பாதி திறந்த முதுகு,
முகத்துக்கு எலுமிச்சை போட்ட சமையலறைத் திரைச்சீலை.
பெயர்ப்பட்டை இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு ஆணித்துளை.
நூற்றுப் பத்து.
தூரெ திருகுகளைக் கழற்றி உள்ளே காட்டினான்:
பெட்டியைவிட ஸ்பீக்கருக்கு வயது குறைவு, காந்தம் கனம்,
எட்டு ஓம். என் ஆம்ப்ளிஃபையரும் எட்டு.

வாசித்தேன்.
பின்பக்கம் கசிந்த ஒலி சுவரில் பட்டு
ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பியது.
வட்டமாக இருந்தது. கம்பளி மாதிரி இருந்தது.
விழுந்த பிக்கை எடுக்கக் குனிந்தேன்,
தந்தி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க.

அங்கே, பெட்டிக்கு நேர் எதிரே,
காதருகே,
அது வேறு கிடார்.
ஊசி. தகரம். பல் மருத்துவர்.
மறுபடி தட்டினேன்.
எழுந்தால் கம்பளி, குனிந்தால் ஊசி.
"டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும்," என்றான் தூரெ.
"நீ எப்போதும் அதற்கு மேலே நிற்கிறாய்."

ஆக, இருபது வருடமாக என் கிடாரை
நேருக்கு நேர் கேட்டவை என் முழங்கால்கள்.
அப்புறம் ரௌனி, பேஸ் வாசிப்பவள்,
மேடையில் கீழ்ப்படியில் நிற்பவள்.
எந்த ஊரானாலும் மூன்றாவது பாட்டுக்குள்
இரண்டடி இடப்பக்கம் நகர்ந்துவிடுவாள்.
நடனம் என்றே நினைத்திருந்தேன்.

எலுமிச்சைப் பெட்டியையே எடுத்துக்கொண்டேன்.
விரலுக்கேற்ற வீக்கம், வண்டிக்கேற்ற பெட்டி.
ட்ரெபிளைக் குறைக்கச் சொன்னான்,
முன்விளிம்பில் பிர்ச் விறகு ஒன்றை அண்டைகொடுத்து
முகத்தை நிமிர்த்தச் சொன்னான்.
"உனக்கே கொஞ்சம் வலிக்கட்டும்."
விறகுக்குக் காசு வாங்கவில்லை.

டிராமை ஓட்டிவந்தது கெர்ட்டு.
கண்ணாடியில் திரைச்சீலையைப் பார்த்து
மணியை ஒருமுறை தட்டினாள்.
வளைவில் பெட்டி நகரப் பார்க்க
பூட்ஸால் தடுத்துக்கொண்டு
ரௌனிக்குச் செய்தி அனுப்பினேன்:
இத்தனை வருடமும் காது வலித்ததா?

இரண்டு நிறுத்தம் தாண்டிப் பதில்.
ஆமாம்.
அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னொன்று.
புதியது எத்தனை கிலோ?