ஒரே மாதிரி

நாற்பத்தொரு காகித உறைகள்.
ஒவ்வொன்றிலும் ஓர் ஆகாயத்தாமரை இலை,
இலையில் ஒரு கருகல்,
கருகலைச் சுற்றி மஞ்சள் வளையம்.
உறைமேல் வாய்க்காலின் பெயரைப் பென்சிலில் எழுதுவேன்.
மை என்றால், நனைந்தவுடன் ஊர் அழிந்துவிடும்.

நீடாமங்கலம், மூணாறு தலைப்பு.
வெண்ணாறு வந்து முட்டி மூன்றாகிற இடம்.
லஸ்கர் அடைக்கலசாமி
கொக்கியால் ஒரு கொத்தை இழுத்துக் கரையில் போட்டார்.
"இது எல்லாமே ஒரே செடிம்மா.
பிச்சா ரெண்டு. விட்டா ஏக்கரு."

அவர் சொன்னது சரி.
இங்கிருந்து முத்துப்பேட்டைவரை
நீரை மூடிக் கிடப்பது ஏறக்குறைய ஒரே உடம்பு.
விதையை அதிகம் நம்பாமல்
தண்டிலிருந்து தண்டாகத் தன்னையே பெற்றுக்கொள்வது.

அதைத் தின்னும் பூஞ்சையும் அப்படித்தான் என்றிருந்தேன்.
அது இணை சேர்ந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.
தகப்பன் இல்லாத பிள்ளை
தாயை உரித்துத்தானே வைத்திருக்கும்?

உருளைக்கிழங்குக் கூழில் வளர்த்தேன்.
சில சாம்பல், சில பாசிப்பச்சை,
கோரையாற்று ஒன்பது மட்டும் கம்பளி.
டி.என்.ஏ.வை ஜெல்லில் ஓடவிட்ட இரவு
இரண்டு முறை கரண்ட் போய் வந்தது.
புறஊதா விளக்கின்மேல் பட்டை பட்டையாக
நாற்பத்தொரு வரிசை.
எந்த இரண்டும் ஒட்டவில்லை.
இல்லை, தவறு. இரண்டு ஒட்டின:
தலைப்பில் எடுத்த மூன்றாம் எண்ணும்
கடைமடை இடும்பாவனத்தின் முப்பத்தெட்டும்.
நடுவே எத்தனை மதகு!
அடுத்தடுத்த வாய்க்கால்காரர்களோ அந்நியர்கள்.

கணினி வரைந்த கிளைப்படத்தை
டெல்டா வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.
இரண்டும் பிரிந்து பிரிந்து போகின்றன,
ஓரிடத்திலும் பொருந்தாமல்.
காற்றுக்கு முறைப்பாசனம் கிடையாது.

கூட்டத்தில் இணை இயக்குநர் செங்கமலவல்லி கேட்டார்:
"எது நல்லாக் கொல்லும்? ஒரு நம்பர் சொல்லுங்க.
பாக்கெட்ல ஒண்ணத்தான் போட முடியும்."
கோரையாற்று ஒன்பது, என்றேன்.
நான்காம் நாள் இலை கருகும்,
பன்னிரண்டாம் நாள் செடி மூழ்கும்.
பக்கத்துத் தொட்டி நெல்லைத் தொடவில்லை.
கத்தரி இலையில் மட்டும் ஒரு புள்ளி,
கடுகளவு. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சொல்லாததும் ஒன்று உண்டு.
கூழிலிருந்து கூழுக்கு ஏழு முறை மாற்றிய பின்
ஒன்பது கொல்ல மறந்துவிட்டது.
உட்கார்ந்த இடத்தில் இனிப்பு கிடைத்தால்
எதற்குக் கடிக்க வேண்டும்?
இலையில் விட்டு மீட்டால் நினைவு வருகிறது,
பாதி.

ஜூனில் மேட்டூர் திறந்தது.
தலைப்புக்கு முதலில் வந்தது நீரல்ல,
ஊதாப் பூவும் தண்ணீர் பாட்டிலும்
யாரோ விட்ட ஒற்றைச் செருப்புமாகச் செடிதான்.
ஷட்டர் ஏறியது.
நான் பெயர் எழுதிய கரைகளை விட்டு
எல்லா இலையும், எல்லாக் கருகலும்
கடலைப் பார்த்துக் கிளம்பின.
உறைகளில் இனி ஊர் இல்லை, தேதி மட்டும்.

"போன வருசமும் ஒரே மாதிரிதாம்மா வந்துச்சு,"
என்றார் அடைக்கலசாமி.
நான் புது உறையை எடுத்து
'மாதிரி 42' என்று எழுதினேன்.
'இடம்' என்ற வார்த்தைக்கு எதிரே
பென்சிலை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"தள்ளி நில்லும்மா. கரை ஊறியிருக்கு."