வரி கட்டாத குதிரை

ஷெட்லாந்தில் ஆலை நின்றுபோனால்
யாரும் கல்லைப் பார்ப்பதில்லை.
தரையிலுள்ள துளைவழியே
எரியும் கரிமண் கட்டி ஒன்றைத் தள்ளிவிடுவார்கள்.
கீழே புகை, ஒரு செருமல்,
பிறகு சக்கரம் சுற்றும்.

அதற்குப் பெயர் நியகல்.
சாம்பல் குதிரை. வால் மட்டும்
ஆலைச் சக்கரம் போல வட்டம்,
காலிடுக்கில் மடக்கி ஒளித்துக்கொள்ளும்.
கிபியின் மகன் சிலேட்டில் வரைந்ததற்கு
ஆறு கால்.
ஒருவரும் அழிக்கச் சொல்லவில்லை.

அன்றிரவு என் பார்லி.
பாதி மாவு, பாதி மணி. கல் நின்றது.
இடுக்கியில் தணலோடு குனிந்தேன்.
துளைக்கு அடியில் ஒரு கண்,
நனைந்து, பெரிதாய், பல நாள் தூங்காததாய்.
மேலிருந்து பார்த்ததும் அப்படியொரு கண்தான்.

"விடிந்ததும் இதில் முக்கால் பங்கு
பிட்கேர்னுக்குப் போகிறது" என்றேன்.
"நீ நிறுத்தினாலும் ஒன்றுதான்,
நிறுத்தாவிட்டாலும் ஒன்றுதான்."
தணலை அடுப்பிலேயே போட்டுவிட்டு
மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனேன்.

பிட்கேர்ன் கல்லில் நார் உரிப்பவர்.
பண்ணையாருக்காக உரிப்பார், தனக்காகவும் கொஞ்சம்.
கக்கத்தில் கணக்குப் புத்தகம்:
போன வருஷத்து மீன்,
அதற்கு முந்தின வருஷத்து வெண்ணெய்,
செத்துப்போன என் மாமனார்
தரவேண்டிய கோழி.

ஏரிக்கரையில் சேணம் பூட்டி நின்றது குதிரை.
மழையே இல்லை,
பிடரி சொட்டிக்கொண்டிருந்தது.
"யாருடையது, ஓஸ்லா?"
பார்த்தேன். பின்னங்கால்களுக்கு நடுவே
வட்டமாய் ஏதோ மடங்கியிருந்தது.
"வரி கட்டாத குதிரை, ஐயா."
பொய் சொல்லவில்லை.

ஏறினார்.

கொல்லாது அது. முக்கி எடுக்கும், அவ்வளவுதான்.
நடு ஏரியில் நீலச் சுடரொன்று
பொக்கென்று அணைந்தது.
தலையில் பாசியும் காலில் ஒற்றை பூட்ஸுமாய்
தவழ்ந்து கரையேறினார்.
புத்தகத்தை மட்டும் விடவில்லை. பிரித்தார்.
தாள் தாளாய் வெள்ளை.
நாங்கள் ஏரியில் பரவிக்கொண்டிருந்தோம்,
நான், கிபி, லௌரி, கோழிக்கடனோடு மாமனார்,
நீர்மேல் எழுத்தாய்.

மார்ச்சில் எடின்பரோவிலிருந்து
புதுப் புத்தகம் வந்தது.
அதுவரை ஒரு குளிர்காலம்
வயிறு நிறையப் பார்லி அடை.

இப்போதும் ஆலை நிற்கும்.
பக்கத்துவீட்டு சின்னி தணலோடு ஓடிவருவாள்.
"இரு," என்பேன்,
"அதுவும் கொஞ்சம் மூச்சு விடட்டும்."